கலமாக்கியின் குடும்ப விடுதி: ஒன்பதும் நான்கும்

கிரேக்க நாட்டின் மேற்கே, அயோனியன் கடலில் இருக்கும் தீவு ஸாக்கிந்தோஸ். அதன் தென்கரையில், லகனாஸ் வளைகுடாவை ஒட்டி, கலமாக்கி என்று ஒரு கிராமம். தீவின் தலைநகரம் அங்கிருந்து சுமார் 6 கிலோமீட்டர். விமான நிலையம் அதைவிடப் பக்கம். இந்தக் கிராமத்தில் குடும்பமாக நடத்தும் விடுதிகள் நிறைய. இரண்டு மாடி, இருபது முப்பது அறை, நடுவில் நீச்சல் குளம், குளத்தை ஒட்டி ஒரு சின்ன பார். அப்பா பாரில் நிற்பார், அம்மா சமையலறையில் இருப்பார், மகனோ மகளோ ரிசப்ஷனைப் பார்த்துக்கொள்வார்கள்.

இந்த மாதிரி விடுதிகளைப் பற்றி விருந்தினர்கள் சொல்வதைத் தொடர்ந்து கேட்டால் ஒன்று கண்ணில் படும். பத்துக்கு ஒன்பது, பத்து என்று அள்ளிக் கொடுப்பவர்கள் ஒரு பக்கம். மூன்று, நான்கு கொடுத்து, இனி இந்தத் திசைக்கே வரமாட்டோம் என்பவர்கள் இன்னொரு பக்கம். இரண்டு தரப்பும் தங்கியது ஒரே கட்டடத்தில், சில சமயம் ஒரே வாரத்தில். சராசரி போட்டால் ஏழு வரும். ஏழு மதிப்பெண்ணுக்கான விடுமுறை அங்கே யாருக்கும் கிடைத்ததாகத் தெரியவில்லை.

குறிப்பிட்ட ஒரு விடுதியைக் கூண்டில் ஏற்றும் எண்ணம் எனக்கில்லை. ஊர், சட்டம், வரி, கடற்கரை எல்லாம் நிஜம். 'விடுதி' என்று கீழே நான் எழுதுவது மட்டும் அந்த வகை விடுதிகளின் பொதுவான குணங்களைச் சேர்த்துப் பார்த்த ஒரு மாதிரி.

விடுதிக்காரர்களிடம் கேட்டால் விளக்கம் சுலபமாக வந்துவிடும்: சிலருக்குக் குறை சொல்வதே பழக்கம். குறை சொல்கிறவர்களைக் கேட்டால், பத்து கொடுத்தவர்கள் எல்லாம் அந்தக் குடும்பத்தின் சிநேகிதர்கள். முதல் விளக்கம் பெரும்பாலும் தவறு. இரண்டாவதில் பாதிக்கு மேல் உண்மை இருக்கிறது, ஆனால் அவர்கள் நினைக்கிற அர்த்தத்தில் அல்ல.

கட்டடத்தின் வயது

1953 ஆகஸ்ட் நிலநடுக்கத்தில் ஸாக்கிந்தோஸ் நகரம் கிட்டத்தட்ட முழுவதும் அழிந்துபோனது. இன்று தீவில் பார்ப்பதில் பெரும்பகுதி அதற்கப்புறம் எழுந்தது. ஆலிவும் உலர் திராட்சையும்தான் அன்றைய பிழைப்பு. பிறகு டூர் கம்பெனிகள் மொத்தமாக வாடகைக்கு எடுக்கும் சார்ட்டர் விமானங்கள் வர ஆரம்பித்ததும் கரையோரம் நிலம் வைத்திருந்த குடும்பங்கள் அறை கட்டி வாடகைக்கு விட்டார்கள். முதலில் வீட்டுக்கு மேலே நாலு அறை, அப்புறம் பக்கத்தில் ஒரு கட்டடம், அப்புறம் குளம். கிரேக்கத்தில் பல வீடுகளின் மொட்டை மாடியில் இன்னும் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். அடுத்த தளம் பிள்ளைகளுக்கு. இந்தக் கம்பியை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. வட ஐரோப்பியர்களுக்கு அது முடிக்காமல் விட்ட வேலை.

இப்படி வளர்ந்த கட்டடத்தின் குறைகள் எல்லாருக்கும் பொது. குளியலறை சின்னது. ஷவர் திரை உடம்பில் ஒட்டும். சுவர் மெல்லிசு, பக்கத்து அறையில் நாற்காலி நகர்ந்தால் கேட்கும். மாடியில் சோலார் ஹீட்டர் இருப்பதால் மாலை ஆறு மணிக்குக் கடலிலிருந்து திரும்பி எல்லாரும் ஒரே நேரத்தில் குளித்தால் கடைசி ஆளுக்கு வெதுவெதுப்புதான். இரட்டைக் கட்டில் என்று எழுதியிருக்கும். போய்ப் பார்த்தால் இரண்டு ஒற்றைக் கட்டில்களை ஒட்டிப் போட்டிருப்பார்கள்.

நட்சத்திரக் குழப்பம் வேறு. கிரேக்கத்தில் முன்பு விடுதிகளை எழுத்துகளால் தரம் பிரித்தார்கள். இப்போது ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம். பழைய 'சி' வகுப்பு இன்றைய இரண்டு நட்சத்திரம். நம் விடுதியின் வாசல் பலகையிலும் இரண்டுதான். ஆனால் பேக்கேஜ் விற்கும் டூர் கம்பெனிகள் தங்களுக்கென்று ஒரு தர வரிசை வைத்திருக்கின்றன. அவர்களின் விளம்பரத்தில் அதே விடுதி மூன்றாகவோ மூன்றரையாகவோ ஆகிவிடும். மூன்றரைக்குப் பணம் கட்டி வந்தவர் வாசலில் இரண்டைப் பார்க்கிறார். அந்த நிமிஷத்திலேயே கசப்பு ஆரம்பிக்கிறது. அதில் குடும்பத்தின் தவறும் இல்லை, விருந்தினரின் தவறும் இல்லை.

ஒரே விஷயம், இரண்டு தீர்ப்பு

கடற்கரையை எடுத்துக்கொள்வோம். லகனாஸ் வளைகுடா, 'கரெட்டா கரெட்டா' என்ற பெருந்தலைக் கடலாமை மத்தியதரைக் கடலில் முட்டையிடும் முக்கியமான இடங்களில் ஒன்று. ஜூனிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை இரவில் பெண் ஆமைகள் கரையேறும். முட்டை பொரிய ஏறத்தாழ இரண்டு மாதம். அக்டோபர் வரை குஞ்சுகள் கடலை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். 1983-இல் தொடங்கப்பட்ட ஆர்கெலோன் என்ற கடலாமைப் பாதுகாப்பு அமைப்பின் தொண்டர்கள் கூடுகளைக் கணக்கெடுத்து வேலி வைக்கிறார்கள். 1999-இல் இந்தப் பகுதி தேசியக் கடல் பூங்காவானது. ஆமைகளுக்குப் பாதுகாப்பு போதவில்லை என்று 2002 ஜனவரியில் ஐரோப்பிய நீதிமன்றமே கிரேக்க அரசுக்கு எதிராகத் தீர்ப்பு சொன்னது; முட்டையிடும் கரையில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவதும், கடலில் சிறு படகுகள் திரிவதும் அந்த வழக்கில் பேசப்பட்டன. ஆக, இங்கே இருக்கும் கட்டுப்பாடுகள் சும்மா ஒரு பலகையில் எழுதிவைத்தவை அல்ல. சூரியன் மறைந்ததும் கரையை விட்டு வெளியேற வேண்டும், விடியும் வரை யாரும் இறங்கக் கூடாது. சாய்வு நாற்காலிகளுக்கு வரம்பு உண்டு. கண்ட இடத்தில் குடையை ஊன்ற முடியாது. மணலுக்கு அடியில் கூடு இருக்கலாம். கரையை நோக்கிப் பளிச்சென்று விளக்குப் போடக் கூடாது, குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்துத் திசைமாறிவிடும்.

இப்போது விருந்தினர் கருத்துக்கு வருவோம். ஒருவர் எழுதுகிறார்: கடற்கரை இரவில் ஒரே இருட்டு, நிலவொளியில் நடக்கலாம் என்று வந்தோம், விரட்டினார்கள், ஏழு மணிக்கு மேல் ஊரில் செய்வதற்கு ஒன்றுமில்லை. இன்னொருவர்: இவ்வளவு அமைதியான கடற்கரையை ஐரோப்பாவில் எங்கே பார்ப்பது, காலையில் மணலில் ஆமை ஏறி இறங்கிய தடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டினோம். முதல் ஆள் நான்கு கொடுத்தார், இரண்டாமவர் பத்து. விடுதிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இரண்டு மதிப்பெண்ணும் விடுதியின் கணக்கில்தான் ஏறுகிறது.

விமானச் சத்தமும் அப்படித்தான். ஓடுபாதை கிராமத்துக்கு அருகில் என்பதால் கோடை வார இறுதிகளில் தலைக்கு மேல் விமானம் தாழப் பறந்து போகும். குழந்தையைத் தூங்க வைக்க முடியவில்லை என்று ஒரு தாய் எரிச்சல்படுவார். பக்கத்துச் சாய்வு நாற்காலியில் ஒருவர் கேமராவோடு விமானங்களைக் குறித்துக்கொண்டிருப்பார், அதற்காகவே அந்த விடுதியைப் பிடித்திருப்பார். இரவு விமானங்களுக்குத் தடை இருப்பதும் ஆமைகளின் புண்ணியம்தான். அதைச் சொல்லிப் பாராட்டியவர்கள் அதிகமில்லை. இல்லாத சத்தம் யாருக்கு ஞாபகம் வரும்?

கழிவறைக் காகிதம் இன்னொன்று. கழிவுநீர்க் குழாய் குறுகல் என்பதால் காகிதத்தைப் பக்கத்துக் கூடையில்தான் போட வேண்டும். கிரேக்கம் முழுக்க இதே கதை. பழகியவர்களுக்கு இது செய்தியே அல்ல. முதல் முறை வருகிற ஆங்கிலேயருக்கு இது சுகாதாரக் கேடு. (தண்ணீர் புழங்குகிற நமக்கு இந்தச் சண்டை முழுவதுமே வேடிக்கை.) குழாய்த் தண்ணீர் கொஞ்சம் உப்புக் கரிக்கும், குடிக்கப் பாட்டில்தான் வாங்க வேண்டும். பிற்பகல் மூன்றிலிருந்து ஐந்தரை வரை கோடையில் சட்டப்படியே அமைதி நேரம். குளத்தில் பாட்டை நிறுத்தச் சொன்னால் சிலருக்குக் கோபம், சிலருக்கு நிம்மதி.

காலை உணவைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். வறுத்த ரொட்டி, அவித்த முட்டை, ஹாம், மஞ்சள் நிறப் பாலாடைக்கட்டித் துண்டு, தகர டப்பாவில் வந்த பீச் பழம், தூளில் கலந்த ஆரஞ்சு பானம். ஏழு நாளும் இதே. டூர் கம்பெனி ஒரு தலைக்குக் கொடுக்கும் காசில் பெரிய வித்தியாசம் காட்ட முடியாது. ஆனால் அதே சமையலறையில், அடுப்புக்குப் பின்னால், ஐந்து லிட்டர் தகர டின்னில் அந்தக் குடும்பத்தின் சொந்த மரத்து ஆலிவ் எண்ணெய் இருக்கும். கெட்டித் தயிர், தேன், அன்று காலை அம்மா சுட்ட கீரைப் பை (மாவுக்குள் கீரை வைத்துச் சுடும் பலகாரம்) எல்லாம் இருக்கும். கேட்டால் சந்தோஷமாக எடுத்து வைப்பார். கேட்கலாம் என்று யாருக்குத் தெரியும்? ஏற்கெனவே வந்து போனவர்களுக்கு. பத்து கொடுத்தவர் சாப்பிட்டது கீரைப் பை. நான்கு கொடுத்தவர் சாப்பிட்டது பீச் டப்பா. இருவரும் 'காலை உணவு' என்றே எழுதுகிறார்கள்.

கூட்டம் மாறிய விதம்

நீண்ட காலம் இந்த விடுதிகளில் பலவற்றுக்கு வாடிக்கையாளர் ஒரே ஒரு டூர் கம்பெனிதான். மொத்த அறைகளையும் அல்லது பாதியை அது எடுத்துக்கொள்ளும். விருந்தினர்கள் ஒரே நாட்டிலிருந்து, ஒரே விமானத்தில், ஒரே எதிர்பார்ப்போடு வருவார்கள். பார்க்காரர் அவர்கள் ஊர்க் கால்பந்து அணியைத் தெரிந்து வைத்திருந்தால் பாதி வேலை முடிந்தது.

2019 செப்டம்பர் 23 அன்று தாமஸ் குக் என்ற பிரிட்டிஷ் டூர் நிறுவனம் மூழ்கியது. 1841-இல் தொடங்கிய கம்பெனி. அன்றைக்கு அதன் வழியாக வந்தவர்கள் கிரேக்கத்தில் மட்டும் சுமார் 50,000 பேர் இருந்தார்கள். விருந்தினர்களை வீட்டுக்கு அனுப்ப விமானம் ஏற்பாடானது. விடுதிகளின் நிலைமை வேறு: கம்பெனி தங்கியதற்கான பணத்தை வாரங்கள், மாதங்கள் கழித்துத்தான் தருவது வழக்கம் என்பதால் ஜூலை, ஆகஸ்ட் உச்ச மாதங்களின் வருமானம் பலருக்குக் கைக்கு வரவே இல்லை. அதற்கடுத்த வருஷமே கொரோனா.

ஒரே கூடையை நம்பியவர்கள் அதற்குப் பிறகு எல்லாப் பக்கமும் அறைகளைத் திறந்துவிட்டார்கள். இப்போது ஒரே வாரத்தில் போலந்துக் குடும்பம், டச்சு ஜோடி, இரண்டு ராத்திரி மட்டும் தங்க வந்த இத்தாலியர்கள், முப்பது வருஷமாக இங்கிலாந்திலிருந்து வரும் யார்க்‌ஷர் தம்பதி என்று கலவையாக இருக்கிறது. விடுதி மாறவில்லை, அதே விடுதியை இப்போது நாலு விதமான அளவுகோல் அளக்கிறது. பழைய ஒருமித்த பாராட்டில் ஒரு பங்கு, ஒரே மாதிரி ஆட்கள் வந்ததால் கிடைத்தது என்றே நினைக்கிறேன்.

முன்பக்க அறைகள்

மேலே சொன்ன புகார்களில் பெரும்பாலானவை முன்கூட்டியே ஒரு வரி சொல்லியிருந்தால் பாதியாகக் குறையும். இனி வருவது அப்படிப்பட்டதல்ல.

விடுதியில் அறைகள் இரண்டு வகை. குளத்தைப் பார்த்த, பால்கனியில் காற்று வருகிற முன்பக்க அறைகள். தெருவையும் குப்பைத் தொட்டியையும் சமையலறைப் புகைபோக்கியையும் பார்த்த பின்பக்க அறைகள். டூர் கம்பெனி ஒப்பந்தத்தில் 'இருவர் அறை' என்று மட்டும்தான் இருக்கும். வாடகை ஒன்றே. பல வருஷமாக வருகிறவர்கள் கிளம்பும்போதே, அடுத்த வருஷம் ஜூன் இரண்டாம் வாரம், அதே அறை என்று சொல்லிவிட்டுப் போவார்கள். எழுத்தில் ஒன்றும் கிடையாது; அம்மா தலையாட்டினால் போதும். மிச்சம் இருப்பது முதல் முறை வருகிறவர்களுக்கு. அந்தப் புதியவர், கடைசி நேரத்தில் பதிவு செய்ததால், பழையவரைவிட அதிகமாகக்கூடப் பணம் கட்டியிருக்கலாம்.

ராத்திரி பத்து மணிக்கு பாரில் வேலை அடங்கிய பிறகு அப்பா ஒரு தட்டில் தர்பூசணியும் சின்னச் சின்னக் கண்ணாடிக் கோப்பைகளும் எடுத்துக்கொண்டு வருவார். எந்த மேசைக்கு? நம் கல்யாண வீடுகளில் முதல் பந்தியில் யார் உட்கார்ந்தார்கள், யாருக்குப் பாயசம் இரண்டாம் முறை வந்தது என்று பார்த்துக்கொண்டிருக்கும் தூரத்துச் சொந்தத்தின் மனசு உங்களுக்குத் தெரியும். பக்கத்து மேசைப் புதியவரின் மனசும் அதேதான். அவருக்கு யாரும் எதையும் மறுக்கவில்லை. கேட்டது வந்தது, பில்லும் சரி. ஆனால் அந்தச் சிரிப்பு தன் மேசையைத் தாண்டிப் போனதை அவர் பார்த்துவிட்டார். மறுநாள் ஷவர் திரை ஒட்டும்போது அது நேற்றைய திரை அல்ல. மெத்தை, கூடை, பீச் டப்பா எல்லாவற்றுக்கும் இப்போது ஒரு அர்த்தம் வந்துவிட்டது.

குடும்பத்திடம் இதைச் சொன்னால் உண்மையிலேயே திகைப்பார்கள். அவர்கள் கணக்கில் அந்தப் பழையவர்கள் விருந்தினரே அல்ல. 2015 ஜூன் கடைசியில் கிரேக்க வங்கிகள் மூடி, உள்ளூர்க்காரர்கள் நாளுக்கு 60 யூரோவுக்கு மேல் எடுக்க முடியாமல் நின்றபோது, பயணத்தை ரத்து செய்யாமல் கையில் ரொக்கத்தோடு வந்தவர்கள். கொரோனாவில் முன்பணத்தைத் திருப்பிக் கேட்காமல் அப்படியே விட்டுவைத்தவர்கள். அவர்களுக்குத் தர்பூசணி கொடுப்பதை வியாபாரக் கண்ணோடு பார்க்கச் சொன்னால் எப்படி?

இன்னொன்றும் இருக்கிறது. இந்த அன்பு அளவில்லாத ஊற்று அல்ல. மே முதல் அக்டோபர் வரை வாரம் ஏழு நாளும் அந்தக் குடும்பம்தான். மே மாதம் வந்தவருக்கு அம்மா தானே வந்து ஊரின் கதை சொல்வார். ஆகஸ்ட் நடுவில் முப்பது அறையும் நிரம்பி, அறை சுத்தம் செய்ய ஆள் கிடைக்காமல், வெயில் 38-ஐத் தொடும்போது, கேட்டதற்குப் பதில் சொல்வார், அவ்வளவுதான். ஆகஸ்ட் 24 தீவின் காவல் புனிதரான தியோனிசியோஸின் திருநாள், நகரத்தில் ஊர்வலம். அன்று மாலை பார் சீக்கிரம் மூடும். அக்டோபரில் வந்தவர் பார்ப்பது களைத்துப்போன முகங்களை; மனம் பாதி ஆலிவ் அறுவடைக்குப் போய்விட்டிருக்கும். மே மாதம் வந்தவர் 'குடும்பம் போல' என்கிறார், ஆகஸ்டில் வந்தவர் 'முகம் கொடுத்துப் பேசவில்லை' என்கிறார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. குடும்ப விடுதி என்ற பெயரில் விற்பது அந்தக் குடும்பத்தின் நேரத்தை. அதை முப்பது அறைக்கும் சமமாகப் பங்கு போட முடியாது என்பது விளம்பரத்தில் வராது.

கடைசி நாள் பில்

இதை விரைவாகச் சொல்லிவிடலாம். கிரேக்க அரசு 2018-இல் அறைக்கு, இரவுக்கு என்று ஒரு தங்கல் வரி கொண்டுவந்தது. இரண்டு நட்சத்திர விடுதிக்கு அப்போது அரை யூரோ. 2024-இல் அதைப் பருவநிலை நெருக்கடிக் கட்டணம் என்று மாற்றி, மார்ச் முதல் அக்டோபர் வரை ஒன்றரை யூரோ ஆக்கினார்கள். 2025-இல் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை 2 யூரோ. ஐந்து நட்சத்திரத்துக்கு 15. பேக்கேஜ் விலையில் இது சேராது, விருந்தினர் விடுதியிலேயே கட்ட வேண்டும். இரண்டு வாரம் தங்கினால் 28 யூரோ. இதோடு, பழைய வழக்கப்படி ஏசிக்கும் லாக்கருக்கும் தனிக் காசு வாங்கும் விடுதியாக இருந்தால், கிளம்பும் நாள் காலையில் மூன்று வரி கொண்ட ஒரு பில் கைக்கு வரும். பெட்டியோடு பஸ்ஸுக்காக நிற்கும்போது ரிசப்ஷனில் இருக்கும் பெண்ணின் வாயிலிருந்து கேட்கும் தொகையை யாரும் அரசின் வரி என்று நினைவில் வைப்பதில்லை. ஏசிக் கட்டணத்தை வாடகையிலேயே சேர்த்துவிட்டு, வரியை வந்த அன்றே வாங்கிவிட்டால் இந்தக் கசப்பு தீரும். இதற்குப் பெரிய யோசனை தேவையில்லை.

முன்பக்க அறைதான் நிஜமான சிக்கல். அடுத்த தலைமுறை யோசிப்பது: குளம் பார்த்த அறைக்குத் தனி விலை, தெரு பார்த்த அறைக்குக் குறைந்த விலை, எல்லாம் பதிவு செய்யும்போதே தெரியும்படி. புதியவருக்கு இது நியாயம். பின்பக்க அறை எடுத்தவர் தெரிந்தே எடுக்கிறார், காசும் குறைவு, புகாரும் குறையும். என் ஓட்டும் இதற்குத்தான். ஆனால் அம்மா ஏன் தயங்குகிறார் என்பதும் புரிகிறது. அந்த யார்க்‌ஷர் தம்பதி அதே அறைக்கு அடுத்த வருஷம் இரவுக்குப் பத்து யூரோ கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கும். கொடுப்பார்கள். கொடுத்துவிட்டு, ஊருக்குத் திரும்பி, முதல் முறையாக பத்துக்கு எட்டு போடுவார்கள்: இடம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இவர்களும் வியாபாரிகள் ஆகிவிட்டார்கள்.